பின்புறம் தாழ்ந்த காரும் பாதியில் நின்ற ஹூக் விதியும்



பழுதைச் சரிசெய்வது ஒன்று. பழுது கண்ணுக்குத் தெரியாமல் செய்வது வேறொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அறிவியல் படிக்கும் நாம் இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்க ஸ்பிரிங் நல்ல பாடமாக அமையும்.

அந்தக் காரின் பெயர் எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. கூரை மடங்கும் வகையும், 1965-இல் வந்த ஜிடி என்ற கூரையுள்ள வகையும் சேர்ந்து 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. இன்றும் பல நாடுகளில் ஆர்வலர்கள் இவற்றைப் பேணிப் பாதுகாத்து ஓட்டி வருகிறார்கள். கடைசியாக வந்த காருக்கே இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் வரும் குறைகளில் ஒன்று, காரின் பின்புறம் தாழ்ந்துபோவது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மூக்கு உயர்ந்தும் வால் தாழ்ந்தும் தெரியும். மேடு பள்ளத்தில் போனால் பின்னாலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வரும்.

இதற்குப் பலரும் உடனே சொல்லும் மருந்துகள் மூன்று: ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர், ஸ்பிரிங்கைத் தாங்கும் இணைப்பை நீளமாக்கு, அப்சார்பரை மாற்று. முதல் இரண்டும் காரை ஓரளவு தூக்கிவிடும். மூன்றாவது அதைக்கூடச் செய்யாது. ஆனால் ‘ஏன் தாழ்ந்தது?’ என்ற கேள்விக்கு இம்மூன்றும் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வில் போன்ற ஸ்பிரிங்

எம்ஜிபியின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின்சக்கரங்களுக்கோ பட்டை ஸ்பிரிங். பட்டறைகளில் ‘லீஃப் ஸ்பிரிங்’ என்பார்கள். இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் சாலைகளில் ஓடும் லாரிகளின் பின்சக்கரத்துக்கு அருகே குனிந்து பார்த்தால், வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நீளமான பட்டையின் இரு முனைகளும் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். நடுப்பகுதியில் ஆக்சில், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு, பிணைக்கப்பட்டிருக்கும்.

பட்டைகள் ஏன் ஒரே நீளத்தில் இல்லை? முனைகளில் தாங்கி, நடுவில் அழுத்தப்படும் ஒரு பட்டையில் வளைக்கும் விளைவு நடுவில்தான் மிக அதிகம். முனையை நோக்கிப் போகப் போக அது குறையும். அதனால் நடுவில் பல பட்டைகளும் முனையில் ஓரிரு பட்டைகளும் இருந்தால் போதும். தேவையான இடத்தில் மட்டும் எஃகைச் செலவிட்ட சிக்கனமான வடிவம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எம்ஜிபியில் இந்தப் பட்டைகள் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. பின் ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் இவைதான். ஆகவே இதன் பழுது அழகு சம்பந்தப்பட்ட விஷயமன்று, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

30 மில்லிமீட்டரில் என்ன போய்விடும்?

‘கொஞ்சம் தாழ்ந்திருந்தால் என்ன? ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வாக இருப்பதுதானே அழகு?’ என்று சிலர் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே நான் கொடுக்கும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். எந்தக் காரின் ஏட்டிலிருந்தும் எடுத்தவையல்ல.

ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கும் 2000 நியூட்டன் எடையைத் தாங்குகிறது என்று கொள்வோம். ஸ்பிரிங் மாறிலி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். பள்ளியில் மலாயில் ‘பெமாலார் ஸ்பிரிங்’ என்று நீங்கள் படிப்பது இதைத்தான். F = kx என்ற சமன்பாட்டின்படி, கார் சும்மா நிற்கும்போது ஸ்பிரிங் 100 மி.மீ. அமுங்கியிருக்கும்.

இனி, பள்ளத்தில் இறங்கினால் ஆக்சில் மேலே எழும்பும். அது காரின் உடலில் மோதாமல் இருக்க ஒரு ரப்பர் தடுப்பு வைத்திருப்பார்கள். நல்ல நிலையில் அந்தத் தடுப்புவரை 80 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் 30 மி.மீ. தாழ்ந்துவிட்டால் மிஞ்சுவது 50 மி.மீ.

இடைவெளியில் போனது பாதிக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை ஸ்பிரிங் ஆற்றலாக வாங்கிக்கொள்கிறது. அந்த ஆற்றல் ½kx². சமநிலையிலிருந்து 80 மி.மீ. அமுங்கும்போது வாங்கக்கூடியது 64 ஜூல். 50 மி.மீ. என்றால் 25 ஜூல் மட்டுமே. 64 எங்கே, 25 எங்கே! இடைவெளியில் 38 விழுக்காடு குறைந்தது. அதிர்ச்சியை வாங்கும் திறனிலோ 60 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. சமன்பாட்டில் x-க்கு மேலே இருக்கும் சிறிய 2 செய்யும் வேலை இது.

மிச்சமுள்ள ஆற்றலை யார் வாங்குவது? ரப்பர் தடுப்பும் காரின் உடலும்தான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு பக்க ஆக்சில் தடுப்பில் இடித்தால், அந்தப் பக்கம் திடீரென்று விறைத்துவிடும். சக்கரத்தின்மீது வரும் சுமை நொடிப்பொழுதில் மாறும். பின்சக்கரம் சாலையில் பிடிப்பை இழந்து சறுக்கலாம். இரவில் வேறொரு தொல்லையும் உண்டு. வால் தாழ்ந்தால் மூக்கு நிமிரும். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஆக, இது கார்க்காரர் ஒருவரின் சொந்த விஷயம் மட்டுமன்று.

‘ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது’ என்பது சரியா?

தாழ்ந்த காரைப் பார்த்ததும் எல்லாரும் சொல்லும் வாசகம் இது. தளர்ந்துவிட்டது என்றால் என்ன பொருள்? விறைப்பு குறைந்துவிட்டது, அதாவது k குறைந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது உண்மையன்று.

ஸ்பிரிங்கின் விறைப்பு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, பட்டையின் வடிவ அளவுகள்: நீளம், அகலம், தடிப்பு, பட்டைகளின் எண்ணிக்கை. மற்றொன்று, எஃகின் யங் குணகம். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல். புதிய எஃகோ ஐம்பது ஆண்டு உழைத்த எஃகோ, அந்த எண் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஓடி ஓடி எஃகு ‘மென்மையாகி’ விடுவதில்லை.

அப்படியானால் மாறியது எது? பட்டையின் இயல்பு வடிவம். சுமையே இல்லாமல் கழற்றி வைத்தால் முன்பு நன்றாக வில்போல் வளைந்திருந்தது, இப்போது சற்று நிமிர்ந்துவிட்டது. அதே 2000 நியூட்டனுக்கு அது இன்னமும் அதே 100 மி.மீ.தான் அமுங்குகிறது. ஆனால் 30 மி.மீ. தாழ்வான இடத்திலிருந்து அமுங்கத் தொடங்குகிறது. கோட்டின் சாய்வு மாறவில்லை. கோடு தொடங்கும் இடம் மாறிவிட்டது.

இங்கேதான் ஹூக் விதி வருகிறது. இராபர்ட் ஹூக் 1676-இல் தம் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். தாமே முதலில் கண்டார் என்பதற்குச் சான்றும் வேண்டும், மற்றவர்க்கு உடனே தெரியவும் கூடாது என்பதற்காக அந்தக் காலத்து அறிஞர்கள் கையாண்ட வழி அது. 1678-இல் அவரே புதிரை அவிழ்த்தார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அதற்கேற்ற அளவு.

இந்த விதிக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீட்சி எல்லை என்கிறோம். மலாயில் ‘ஹாட் கெஞால்’. எல்லைக்குள் இருக்கும்வரை சுமையை எடுத்ததும் ஸ்பிரிங் பழைய வடிவத்துக்குத் திரும்பும். எல்லையைத் தாண்டினால் முழுவதும் திரும்பாது. ஒரு சிறு வளைவு நிலையாகத் தங்கிவிடும். பெட்டி நிறையச் சாமான் ஏற்றியபோது ஒருமுறை, பெரிய பள்ளத்தில் விழுந்தபோது ஒருமுறை என்று கொஞ்சம் கொஞ்சமாக அது சேரும். எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தகைவை எஃகு பல ஆண்டுகள் இடைவிடாமல் தாங்கினாலும், உள்ளே உள்ள படிக அமைப்பு மிக மெதுவாக நகர்ந்து இடம்கொடுக்கும். பல ஆண்டுகள் கொட்டகையில் நின்ற கார்கூடத் தாழ்ந்துபோகலாம் என்பதற்கு இதுவே காரணம்.

விறைப்பே குறையும் நிலையும் ஒன்று உண்டு: துரு. பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பட்டைகள் துருப்பிடித்துத் தடிப்பில் 10 விழுக்காடு குறைந்தால், 0.9 × 0.9 × 0.9 = 0.729. அதாவது விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும். 6 மி.மீ. பட்டை 5.4 மி.மீ. ஆனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஸ்பிரிங்குக்குத் தெரியும்.

ஆக, கார் தாழ்வதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன: வடிவம் மாறியது, விறைப்பு குறைந்தது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே. அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

மூன்று மருந்துகளும் கணக்கும்

முதல் மருந்து, இன்னொரு பட்டையைச் சேர்ப்பது. ஆறு பட்டைகள் உள்ள ஸ்பிரிங்கில் ஏழாவதைச் சேர்க்கிறோம். கணக்கு எளிதாக இருக்க எல்லாப் பட்டைகளும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன என்று கொள்வோம். k இப்போது ஏழில் ஆறு பங்குக்குப் பதில் முழு ஏழு பங்கு. அதாவது 20-லிருந்து 23.3 ஆகிறது. 2000 நியூட்டனுக்கு ஸ்பிரிங் 86 மி.மீ. அமுங்கும். கார் 14 மி.மீ. உயர்ந்தது. இழந்தது 30, திரும்பக் கிடைத்தது 14.

அதிர்ச்சியை வாங்கும் திறன் 25 ஜூலிலிருந்து சுமார் 48 ஜூலாக ஏறியிருக்கும். இந்த மருந்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை என்ன? பின்புறம் 17 விழுக்காடு விறைப்பாகிவிட்டது. ஒவ்வொரு சிறு மேடும் முதுகில் தெரியும். முன்புற ஸ்பிரிங் பழையபடியே இருக்க, பின்புறம் மட்டும் விறைத்தால் இரண்டுக்கும் இடையே வடிவமைப்பாளர்கள் வைத்திருந்த சமநிலை குலையும். வளைவில் வால் வெளியே வீசும் போக்கு கூடும். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பழைய ஆறு பட்டைகளும் அடியில் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது மருந்து, ஷேக்கிளை நீளமாக்குவது. பட்டையின் பின்முனையைக் காரோடு இணைக்கும் சிறு ஊஞ்சல் போன்ற துண்டுதான் ஷேக்கிள். ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் நீளம் மாறும். அதற்கு இடம்கொடுக்கவே இந்த ஊஞ்சல். இதை 40 மி.மீ. நீளமாக்கினால் கார் 40 மி.மீ. உயருமா? உயராது. முன்முனை நகரவில்லை, பின்முனை மட்டுமே 40 நகர்ந்தது. ஆக்சில் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் அங்கே கிடைப்பது பாதி, சுமார் 20 மி.மீ. வடிவொத்த முக்கோணங்களை நினைத்துப் பாருங்கள். அதோடு ஸ்பிரிங் சாய்ந்துவிடுவதால் அதில் பிணைத்திருக்கும் ஆக்சிலும் சற்றுத் திரும்பும். எஞ்சினிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு ஆக்சிலோடு சேரும் கோணம் மாறும். அந்த மூட்டில் அதிர்வும் தேய்மானமும் வரலாம். ஓரிடத்தில் உள்ள குறையை மறைக்க இன்னோர் இடத்தில் குறையை உண்டாக்குகிறோம்.

மூன்றாவது மருந்து, அப்சார்பரை மாற்றுவது. இதில்தான் இயற்பியல் மிகத் தெளிவாகப் பேசுகிறது. அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. எம்ஜிபியில் ஆரம்பம் முதல் இருந்தது நெம்புகோல் வகை அப்சார்பர். ஆக்சில் அசையும்போது ஒரு கை அசைந்து, உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளும். அது கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. கார் நிற்கும்போது வேகம் சுழியம், எதிர்ப்பும் சுழியம். நிற்கும் காரின் உயரத்தில் அதற்குப் பங்கே இல்லை. கார் குதித்துக்கொண்டே இருந்தால் அப்சார்பரைச் சந்தேகியுங்கள்; தாழ்ந்திருந்தால் அப்சார்பரை விட்டுவிடுங்கள். காற்றடைத்துத் தூக்கும் வகையைப் பொருத்தலாமே என்பார்கள். அது தூக்கும், உண்மைதான். ஆனால் அசைவை அடக்க மட்டும் செய்யப்பட்ட பிடிமானத்தின்மீது காரின் எடையை நிரந்தரமாக ஏற்றிவைப்பது நல்லதன்று.

முதலில் அளவுகோல், பிறகு ஸ்பேனர்

சரி, என்னதான் செய்ய வேண்டும்? முதலில் அளக்க வேண்டும். சமதளமான தரை. நான்கு டயரிலும் சரியான காற்று. காரைக் கையால் சிலமுறை அமுக்கிவிட்டு, தானாக நிலைக்க விட வேண்டும். பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வு அளவைக் கெடுக்காமல் இருக்கத்தான். பிறகு சக்கரத்தின் மையத்திலிருந்து சக்கர வளைவின் விளிம்புவரை இரு பக்கமும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் நிலையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எம்ஜிபியில் பெட்ரோல் தொட்டி பின்புறம், சாமான் பெட்டிக்கு அடியில். 50 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 37 கிலோகிராம். அந்தச் சுமை முழுவதும் இரு பின் ஸ்பிரிங்குகள்மீதே விழுவதாகக் கொண்டால், நம் கணக்கின்படி கார் 9 மி.மீ. தாழும். காலித் தொட்டியோடு ஒருநாளும் நிறைந்த தொட்டியோடு மறுநாளும் அளந்துவிட்டு, ‘ஒரே நாளில் இவ்வளவு தாழ்ந்துவிட்டதே’ என்று பதறுவதில் பொருளில்லை. கட்டுப்படுத்தப்பட வேண்டிய மாறி என்று ஆய்வறிக்கையில் எழுதுகிறீர்களே, அது இதுதான்.

எந்த உயரத்தோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிமுறைகளுக்காக எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தினார்கள். காரின் உயரத்தையும் சுமார் ஓர் அங்குலம் கூட்டினார்கள். முன்பைவிடக் கார் வளைவில் அதிகம் சாய்கிறது என்ற குறை அப்போதே எழுந்தது. பின்னர்ச் சாய்வைத் தடுக்கும் கம்பியைப் பின்புறமும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே 1970-ஆம் ஆண்டுக் காரை 1978-ஆம் ஆண்டுக் காரோடு ஒப்பிட்டு ‘தாழ்ந்துவிட்டது’ என்று சொல்லக் கூடாது. தொழிற்சாலையே உயரத்தைக் கூட்டியபோதும் அதற்கு விலை கொடுத்தது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து வருவதுதான் உண்மையான சோதனை. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 20 கிலோகிராம் மணல் மூட்டை நான்கு வைக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்குக்கு 40 கிலோகிராம், அதாவது சுமார் 392 நியூட்டன் கூடுகிறது. விறைப்பு சரியாக இருந்தால் கார் ஏறக்குறைய 20 மி.மீ. தாழ வேண்டும். அப்படியே தாழ்ந்தால் k-இல் குறையில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. 27 மி.மீ. தாழ்ந்தால் விறைப்பு குறைந்திருக்கிறது. துருவைத் தேடுங்கள், உடைந்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு மில்லிமீட்டர்தான் தாழ்ந்தது என்றால், பட்டைகள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஆக்சில் ஏற்கெனவே ரப்பர் தடுப்பில் உட்கார்ந்திருக்கலாம். நான்கு மணல் மூட்டையும் ஓர் அளவுகோலும் கொண்டு இத்தனையையும் பிரித்தறிய முடிகிறது. இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

காரின் அடியையும் பார்க்காமல் விடக் கூடாது. எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமாகவும் இருக்கிறது. ஸ்பிரிங் முனைகளைத் தாங்கும் இடங்களில் துருப்பிடிப்பது பழைய கார்களில் சாதாரணம். அந்த இடம் அரித்துப்போய்த் தாழ்ந்திருந்தால், எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டும் பயனில்லை. அப்படிப்பட்ட காரைப் பட்டை சேர்த்துத் தூக்கி ஓட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை. உயரம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியில், உடைய இருக்கும் இடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

காரணத்துக்கேற்ற தீர்வு

வடிவம்தான் மாறியது, பட்டைகள் நல்ல தடிப்போடு இருக்கின்றன என்றால், வடிவத்தைத் திருப்பிக் கொடுப்பதே தீர்வு. ஸ்பிரிங் பட்டறையில் பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, சுமார் 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்துக் குளிர்விப்பார்கள். அந்த நிலையில் எஃகு கடினமாக இருக்கும். ஆனால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஆகவே அதைவிடக் குறைந்த வெப்பத்தில் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். சூடேற்றாமல் அழுத்தி மட்டும் வளைத்தால், உள்ளே தங்கிவிடும் தகைவுகளால் அது விரைவில் மறுபடி நிமிர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

துருவால் மெலிந்திருந்தால், அல்லது வெடிப்பு இருந்தால், புதிய ஸ்பிரிங் வாங்குவதே வழி. இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் புதிய ஸ்பிரிங்கை விற்பதற்கு முன்பே மீட்சி எல்லையைத் தாண்டும்வரை ஒருமுறை அழுத்திவிடுவார்கள். சரியப்போவதைத் தொழிற்சாலையிலேயே சரியவைத்துவிட்டால், பிறகு சாலையில் அவ்வளவாகச் சரியாது. எல்லையைத் தாண்டுவது எப்போதும் கெடுதல் என்று நினைக்கிறோம். எல்லை எங்கே என்று தெரிந்தவர் அதைப் பயன்படுத்தியும் கொள்கிறார்.

பொருத்தும்போது ஒரு நுணுக்கம் உண்டு. பட்டையின் முன்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அதன் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ரப்பரும் ஒரு ஸ்பிரிங்தான். அது காரைச் சற்று உயர்த்திப் பிடிக்கும். அளந்தால் உயரம் சரியாகத் தெரியும். ரப்பர் விரைவில் கிழிந்ததும் அந்தப் பொய் உயரம் போய்விடும். ஆகவே காரின் எடை சக்கரங்கள்மீது இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

‘இவ்வளவும் தேவையா?’

இது நியாயமான கேள்வி. பட்டைகளைக் கழற்றி, சூடேற்றி, பதப்படுத்தப் பணமும் நேரமும் ஆகும். ஒரு பட்டையைச் சேர்த்தால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். ஆண்டுக்குச் சிலநாள் மட்டும் ஓடும் காருக்கு இவ்வளவு எதற்கு என்பார்கள்.

எப்போதும் விலையுயர்ந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்த்து, காரணத்தை அறிந்து, ‘எனக்கு 14 மி.மீ. போதும், விறைப்பு கூடினாலும் பரவாயில்லை’ என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அறிந்து எடுத்த முடிவு. அளக்காமல், அறியாமல், ‘எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்று செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், மணல் மூட்டைச் சோதனை இன்னும் அவசியமாகிறது. அதற்குச் செலவே இல்லை. தேவையில்லாத பொருளை வாங்காமல் தடுப்பதும் அதுதான். நிற்கும் காரைத் தூக்காத அப்சார்பருக்குப் பணம் கொடுத்தவரைவிட அதிகம் நட்டப்பட்டவர் யார்?

உங்கள் ஆய்வுக்கூடத்தில்

ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் படிப்பவர்கள் ஹூக் விதிச் சோதனையைச் செய்திருப்பீர்கள். ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நீட்சியை அளந்து, நேர்க்கோடு வரைந்து, சாய்விலிருந்து k-ஐக் கண்டு, விடைத்தாளை மூடிவிடுவோம். ஸ்பிரிங் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக நேர்க்கோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் நிஜ வாழ்க்கையில் பாலங்களும் கார்களும் பளுதூக்கிகளும் தொல்லை கொடுப்பது நேர்க்கோடு முடிந்த இடத்தில்தான். ‘மீட்சி எல்லையைத் தாண்டாதவரை’ என்ற சொற்களை மனப்பாடமாக எழுதுகிறோம். தாண்டினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்ப்பதில்லை. விதியைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

என் யோசனை இது. ஒவ்வொரு வகுப்பும் ஆண்டுக்கு ஒரு ஸ்பிரிங்கைத் தியாகம் செய்யட்டும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, எடை விழுந்தால் காலில் படாதபடி விலகி நின்று, கோடு வளையும்வரை எடையைச் சேர்த்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இழுத்துக் கம்பியாக்கிவிட வேண்டாம். சற்றுத் தாண்டினால் போதும். எடைகளை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கின் புதிய நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அது பழைய நீளத்துக்குத் திரும்பியிருக்காது.

அங்கேயும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கெட்டுப்போன ஸ்பிரிங்கில் மறுபடி முதலிலிருந்து சிறு எடைகளாகச் சேர்த்து, அதே வரைபடத்தாளில், ஸ்பிரிங்கின் மொத்த நீளத்தைக் குறித்து இரண்டாவது கோட்டை வரையுங்கள். கோடு வேறோர் இடத்தில் தொடங்கும். சாய்வு ஏறக்குறைய முதல் கோட்டைப் போலவே இருக்கும். ஸ்பிரிங் தளரவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று உங்கள் தாளே சொல்லும்.

இரண்டு கோடுகளையும் பக்கத்து நண்பரிடம் காட்டி, ‘கார் ஏன் தாழ்ந்தது?’ என்று கேளுங்கள். அவர் ‘ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது’ என்று சொன்னால், மறுத்துப் பேசுவதற்கு முன் அவர் கையிலும் ஓர் அளவுகோலைக் கொடுங்கள்.